வாந்தி வினிஃப்ரெட்

பெர்னார்ட் லிசோவ்ஸ்கிக்குப் பிடிக்காத வேலை அது. பிடிக்காததையும் நன்றாகச் செய்துவிடுவது அவருடைய கெட்ட பழக்கம். புரூக்ளினில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சூயிங்கம் கம்பெனியின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுகும் குழந்தைகளையும் குப்பையில் புரளும் குழந்தைகளையும் வரைந்துகொண்டிருந்தார். கடைகளில் தாய்மார்கள் சண்டை போட்டு வாங்கிய குண்டுக் கன்னப் பொம்மைகளைக் கேலி செய்து கம்பெனி வெளியிட்ட அட்டைகள் அவை. 'நாத்தப் பசங்க' என்று பெயர். பிள்ளைகள் சூயிங்கத்தைத் துப்பிவிட்டு அட்டையைப் பத்திரப்படுத்தினார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குழந்தையின் பெயர் வேண்டும். அதையும் அவரே வைத்தார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறவருக்கு, ஒரு பிள்ளையின் பெயரைப் பிடித்துச் சாக்கடையில் முக்குவது உறுத்தியது. அதனால் ஜெனிஃபர், மைக்கேல் போன்ற பெயர்களைத் தொடமாட்டார். கல்லறைக் கற்களில் மட்டுமே மிச்சமிருக்கும் பெயர்களாகப் பார்த்து எடுப்பார். வாந்தி எடுக்கும் சிறுமியின் படத்துக்கு 'வாந்தி வினிஃப்ரெட்' என்று வைத்ததும் அப்படித்தான்.

"யோவ் பெர்னி, பசங்க அவங்கவங்க பேரத் தேடித்தான்யா பாக்கெட்டக் கிழிக்கிறாங்க. நீ என்னடான்னா செத்துப்போன கிழவிங்க பேரா வைக்கிற" என்பார் மேலாளர் ஷெல் ஆக்கர்மன்.

"கிழவிங்க அழ மாட்டாங்கல்ல, ஷெல்."

1987 ஜனவரியில் ஒஹையோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லொரெய்ன் ஹட்செல் என்ற தாய் எழுதியிருந்தாள்.

'என் பொண்ணு வினிஃப்ரெட்டுக்கு ஒன்பது வயசு. அவ அப்பாவோட அத்தை பேரு அது. நீங்க ஜெனிஃபர்னு போட்டிருந்தா, கிளாஸுல உள்ள மூணு ஜெனிஃபரும் சேர்ந்து சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க. பள்ளிக்கூடத்துலயே வினிஃப்ரெட் இவ ஒருத்திதான். மேல வாந்தி எடுத்துடுவாளாம், சாப்பிடுறப்ப பக்கத்துல யாரும் உட்கார்றதில்ல. பத்து நாளா வயித்துவலின்னு படுத்துக் கெடக்கா.'

பெர்னார்ட் இரண்டு முறை படித்தார். ஆயிரம் பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய கேலியை, இரக்கப்படுவதாக நினைத்து ஒரே குழந்தையின் தலையில் இறக்கியிருக்கிறார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷெல்லிடம் போனார். "அடுத்த தடவை அச்சடிக்கிறப்ப இந்தப் பேர மாத்திடலாமா?"

ஷெல் தலையை நிமிர்த்தவில்லை. "எது அடுத்த தடவை? பள்ளிக்கூடமெல்லாம் தடை போட்டாச்சு. கடைக்காரன் பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்புறான். எல்லாம் ஓஞ்சுபோச்சு, பெர்னி."

மாற்றினாலும், அந்தப் பள்ளியில் ஏற்கெனவே கிடக்கிற அட்டைகளை யார் போய்ப் பொறுக்குவது?

அச்சில் படம்தான் முதலில் விழும். பெயர் கடைசியாகக் கருப்பு மையில் ஏறும். அச்சுக்கூடத்து ரோஸ்கோவிடம் கேட்டு, பெயர் ஏறாத வாந்திப் படங்களில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். வகுப்பில் உள்ளவர்களின் பெயர்களைக் கேட்டுத் தாய்க்கு எழுதினார். இருபத்துநான்கு பெயர்கள் வந்தன. கடைசியில் டீச்சரின் பெயரையும் வினிஃப்ரெட் தன் கையால் சேர்த்திருந்தாள்.

ஆறு நாள் மதிய இடைவேளையில், விரல் மூட்டு வலிக்க வலிக்க, ஒவ்வொரு படத்தின் கீழும் தூரிகையால் எழுதினார். வாந்தி டக். வாந்தி ஷாரன். ஜெனிஃபர் மூன்று பேருக்கும் மூன்று. கூடவே ஒரு குறிப்பு வைத்தார்: 'தப்பு என்னுடையது, குழந்தை. இவற்றைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். கொடுத்தால் கோபமில்லாமல் கொடு.' தபாலில் போடும் முன் ஒரு சிறு ஜெபம் சொன்னார். அது பெரிதாக எதையும் மாற்றிவிடும் என்று நம்புகிற தெம்பு அவருக்கு இல்லை. ஆனாலும் சொன்னார்.

பதில் ஏப்ரலில் வந்தது. அதற்குள் 'நாத்தப் பசங்க' பிரிவையே மூடிவிட்டார்கள். பெர்னார்ட் கம்பெனியின் பேஸ்பால் அட்டைகளுக்காக ஆட்டக்காரர்களின் தாடைகளை வரைந்துகொண்டிருந்தார். இம்முறை எழுதியிருந்தது வினிஃப்ரெட்.

'சார், இந்த அட்டையெல்லாம் இப்ப யாரும் வச்சுக்கறதில்ல. பாதிப் பேரு குப்பையில போட்டுட்டாங்க. டக் கிழிச்சுட்டான். டீச்சர் மட்டும் மேஜையில ஒட்டி வச்சாங்க. ஷாரன் அவ அட்டைய எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. யாரோட வாந்தி பெருசுன்னு பாக்கணுமாம். ரெண்டும் ஒரே படம்தானேடின்னேன். அப்படியும் வச்சு வச்சுப் பார்த்தா. மணி அடிக்கிற வரைக்கும் எந்திரிக்கல. மறுநாள் அவ வரல. அதுக்கு மறுநாள் வந்தா.'

பெர்னார்ட் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட தாடையை வரையத் தொடங்கினார்.