நாற்பது தடவை எட்டாம் வகுப்பு

1.

"அலமாரிச் சாவியைக் குடுங்க மேடம்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. தலைமையாசிரியையிடம் இதைக் கேட்கவே கூடாது என்று, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார் அலுவலக உதவியாளர் அக்கா. "இங்க என்ன வேணா கேளுங்க டீச்சர், அதை மட்டும் கேக்காதீங்க." வீட்டில் அம்மா அதற்கும் ஒரு படி மேலே: "வேலை குடுத்த எடத்துல வாயே தொறக்காத." எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொண்டிருக்க இத்தனை படிப்பு எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இதைத்தான் சொல்றேன்" என்றாள்.

2.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

(தலைமையாசிரியையின் அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் நாற்பது டேப்லெட்டுகள், இருட்டில் உறங்கும் குழந்தைகளைப் போல)

அடித்துவிட்டேன். முதல் காரணம், எனக்கு உவமை எழுத வராது. இரண்டாவது, அவை உறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வேலை பார்க்கின்றன. பிள்ளைகள்தான் கூட இல்லை.

உத்தரவு இது: எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு பாடத்தை டேப்லெட்டில் முடிக்க வேண்டும். முடித்தால் அந்த வாரத்துக்கு அதுதான் வருகைப் பதிவு. பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடையும் என்பதால், அக்கா நாற்பதையும் நீள மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் கணக்கைத் திறந்து, பாடத்தை ஓடவிட்டு, கேள்விகளுக்கும் தானே பதில் போடுவார்.

"நான் அஞ்சாவதோட நின்னவ டீச்சர். இப்பப் பாருங்க, எட்டாவதை வாராவாரம் நாப்பது தடவை பாஸ் பண்றேன்."

சிரித்தேன். பின்னக் கணக்கில் நான் செய்த ஒரு பிழையைப் போன மாதம் அவர்தான் திருத்தினார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.*

* அக்கா எல்லாப் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போடமாட்டார். நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமாம். யாருக்கு எவ்வளவு என்பது அவருடைய தீர்ப்பு.

3.

நான் எழுத உட்கார்ந்தது அக்காவைப் பற்றி அல்ல. தொணதொணாவைப் பற்றி. என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது, வாய் ஓயாததால்.

டேப்லெட் கிடைக்காத எரிச்சலில் ஒருநாள் கரும்பலகை முழுக்க ஒன்றை வரைந்தேன். ஓரத்தில் பொத்தான்கள், நடுவில் தாவர செல்லின் படம். "வந்து அமுக்குங்க, நான் மாத்தி வரையறேன்" என்றேன். வரிசையில் வந்து சாக்பீஸ் பொத்தான்களை அமுக்கினார்கள். நான் அடுத்த படத்துக்காக அழித்துக்கொண்டிருந்தபோது தொணதொணா வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்:

"லோடு ஆகுது, பொறுங்கப்பா."

அப்புறம் என் பக்கத்தில் வந்து, குரலை இறக்கி, "நெஜமா ஒண்ணை எப்ப டீச்சர் தொடுவோம்?"

அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றேன். ஒன்பது வாரமாக அவள் வரவில்லை. அவளுடைய அம்மா தையல் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் பெஞ்சில் இப்போது பைகளை வைக்கிறார்கள். நான் அந்தப் பைகளை எடுத்துக் கீழே வைக்கிறேன். மறுபடி வைக்கிறார்கள்.

நின்றுபோன பிள்ளைகளைத் தேடி வர அதிகாரிகள் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் வந்தால் வருவார்கள். அவள் பெயர் வரவில்லை. ஒன்பது வாரமும் அவள் பாடம் முடித்திருக்கிறாள். நூற்றுக்கு நூறு.

"அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒண்ணுகூடத் தப்பாப் போடல டீச்சர்" என்றார் அக்கா, நான் கேட்டபோது. "நல்ல புள்ளைல்ல?"

4.

இங்கே ஒரு சந்தேகம். தலைமையாசிரியையை நான் வில்லியாக எழுதிக்கொண்டு வருகிறேன். அது வசதியாக இருக்கிறது. ஆனால் நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். ஓய்வு பெற ஏழு மாதம். முந்தைய பள்ளியில் ஒரு கணினி உடைந்ததற்கு இரண்டு வருடம் விசாரணைக்கு அலைந்தவர். அவருடைய பயத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். எழுதி முடித்தும் என் கோபம் குறையவில்லை. பத்தி மட்டும் இருக்கட்டும்.

5.

"சாவி எதுக்கு?"

"ஒரு கணக்கைத் திறக்கணும். 'பள்ளிக்கு வரவில்லை'ன்னு போடணும்."

"ஒன்பது வாரம் வந்தவ இன்னைக்கு எப்படிம்மா வராமப் போவா? கேப்பாங்கல்ல?"

"கேக்கட்டும் மேடம்."

"உனக்கென்ன, சின்ன வயசு. கேக்கறது உன்னை இல்ல, என்னை."

"அப்ப அவ பாடத்தை முடிச்சது யாருன்னு கேட்டா என்னைக் கைகாட்டுங்க. நான் சொல்லிக்கிறேன்."

அக்கா வாசலில் நின்றிருந்தார். "என்னையும் கேப்பாங்களா டீச்சர்?" என்றார். கேட்பார்கள் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர், "அவ நெஜமா உக்காந்து போட்டாலும் நூறுதான் வாங்குவா" என்றார்.

தலைமையாசிரியை சாவியை மேசைமேல் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் குடுக்கல. நீயா எடுத்த."

(இதை அவர் சொன்னாரா, நான் அவருக்காக எழுதினேனா என்று கேட்காதீர்கள். சாவி மேசைக்கு வந்தது உண்மை.)

திறந்தேன். அவள் கணக்கில் ஒன்பது பச்சை நட்சத்திரங்கள். ஒவ்வொரு வாரமாகப் போய் 'வரவில்லை' என்று அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் அது 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஒன்பது தடவை ஆம் என்றேன்.

6.

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் தொணதொணா திங்கட்கிழமை வந்து பைகளைத் தானே தள்ளிவிட்டு உட்காருகிறாள். இன்னொன்றில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு டீச்சர்" என்கிறாள். முதலாவதை எழுதக் கை ஓடுகிறது. அதனாலேயே எழுதவில்லை. இரண்டாவதை எழுதினால், அவள் வீட்டுக்குப் போகாமல் இருக்க எனக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

பட்டியல் நாளைக் காலை போய்ச் சேரும். அதிகாரி அவள் வீட்டு வாசலில் நிற்பதற்கு முன்னால் நான் நிற்க வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு வா என்று சொல்லப் போகிறேன். வகுப்பில் ஒரு மூலை இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். அனுமதி கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

"ஆறாவது பீரியட் யாரும்மா எடுப்பா?" என்கிறார் தலைமையாசிரியை, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி.

அக்கா வகுப்புப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்.

தொணதொணா என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.