வண்டி திரும்பாத தெரு

விக்கிரவாண்டிக்குப் பக்கத்து ஊர் அது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் பாடிப்போகும் பஜனை வண்டி கீழத்தெருவுக்குள் மட்டும் போகாது. ஏன் என்றால், "சந்து சின்னதுங்க, வண்டி திரும்பாது" என்பார் ஓட்டுகிற தொம்மை. அதே வண்டிதான் அறுப்புக்கு அறுப்பு அந்தச் சந்துக்குள் போய் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. ஊருக்கே தெரியும். பாட்டுக்குழுவை நடத்தும் ரோஸ்லின் டீச்சருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

பட்டாளத்தில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு வாழ்த்துச் சொல்லி வீடியோ அனுப்பலாம் என்று இந்த வருஷம் யோசனை சொன்னவளே அவள்தான். பஜனை போன வாசலில் எல்லாம் போனை நீட்டினாள். பட்டுப்புடவை கட்டி, நட்சத்திர விளக்கின் கீழே நின்று ஆளாளுக்குப் பேசினார்கள். கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. ரோஸ்லினுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் லடாக்கில் பட்டாளத்தில் இருக்கிற ஜோஸ்வின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். கீழத்தெரு அமலோற்பவமேரிக்கு அவன் ஒரே மகன்.

"அக்கா, வீடியோ பாத்தேன், சந்தோசம். எங்கம்மாவ மட்டும் காணோம். புதுப்பொடவை கட்டிக்கினு காத்திருப்பேன்னு சொல்லிச்சு. போனும் எடுக்கல. ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? மறைக்காம சொல்லுங்கக்கா. மதியானம் மேல போஸ்ட்டுக்கு ஏறிடுவோம், அங்க சிக்னல் இருக்காது."

ரோஸ்லின் அதை இரண்டு தரம் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாவி மகன், அம்மாவை அல்லவா தேடுகிறான்! சீ, நானெல்லாம் ஒரு டீச்சரா என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கீழத்தெருவில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அமலோற்பவமேரியின் வாசலில் வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வெல்லப்பாகில் வேர்க்கடலை சேர்த்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை ஒரு தூக்கு நிறைய மூடியபடியே இருந்தது. அந்தம்மா நேற்றுக் கட்டிய புதுப்புடவையோடே உட்கார்ந்திருந்தாள்.

"தப்பாயிடுச்சுங்கம்மா" என்றாள் ரோஸ்லின்.

"உடுங்க டீச்சர். புள்ள ஏதாச்சும் சொன்னானா?"

ரோஸ்லின் அவன் குரலைப் போட்டுக் காட்டினாள். கேட்டு முடித்த அமலோற்பவமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்தா அழுதுடுவேன்னுதான் எடுக்கல. வீடியோ புடிங்க, பேசறேன்."

ரோஸ்லின் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஜோஸ்வினு, அம்மா நல்லா இருக்கறேன்பா. பஜனை நம்ம ஊட்டுக்கும் வந்திச்சு. வண்டிய தெருமொனையில உட்டுட்டு அல்லாரும் நடந்தே வந்தாங்க. நம்ம வாசல்ல உக்காந்து உருண்டை தின்னுட்டுத்தான் போனாங்க. அம்மாதான் கூச்சப்பட்டுக்கினு வீடியோவுல நிக்கல. போனுல சார்ஜு இல்ல. நீ கவலப்படாம மேல ஏறு. இதோ டீச்சரே பக்கத்துல இருக்காங்க, அவங்களையே கேளு."

சொல்லிக்கொண்டே போனை வாங்கி ரோஸ்லின் முகத்துக்கு நேரே திருப்பினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

ரோஸ்லின் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடந்தன.

"ஆமா ஜோஸ்வின்" என்றாள். "எல்லாரும் வந்தோம்."