ஜும்ஆவில் அடித்த அலாரம்

எங்கள் பள்ளிவாசலுக்குள் ஷைத்தான் நுழைவது சட்டைப்பை வழியாகத்தான் என்பது பள்ளித் தலைவர் ஸிராஜ் ஹாஜியாரின் முடிவு. இமாம் ஓத ஆரம்பித்ததும் யாரோ ஒருவரின் போன் சினிமாப் பாட்டுப் பாடும். போனுக்குச் சொந்தக்காரர் அது தன்னுடையது இல்லை என்பதுபோல இன்னும் பக்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார். ஹாஜியார் சொல்லிப் பார்த்தார், பலகை எழுதித் தொங்கவிட்டார், கத்தியும் பார்த்தார். நாங்கள் திருந்துகிற ஆட்களா? கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். பக்கத்தில் போன் ஒன்று உயிரோடு இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, கீச்சென்று கத்தும் பெட்டி.

அதைப் பூட்டும் வேலை காலிதீனுக்கு வந்தது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். கெட்டிக்காரன், அதைவிட ரோசக்காரன். அவன் செய்த வேலையில் யாராவது குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

பெட்டியைச் சுவரில் பூட்டி மின்சாரம் கொடுத்ததுமே அது கத்தியது.

"ஆரும் கோல் எடுக்கல்லியே தம்பி, என்னத்துக்குக் கத்துது?" என்றார் ஹாஜியார்.

"உங்கட போன் ஓன்ல இரிக்கா ஹாஜியார்?"

"சைலண்ட்லதானே போட்டிரிக்கன்."

"ஆரும் எடுக்கத் தேவல்ல. போன் ஓன்ல இருந்தாக் காணும், அது இடைக்கிட டவரோட கதைக்கும். அதயும் இது புடிக்கும்."

ஹாஜியார் தன் போனை அணைத்தார். பெட்டியும் அடங்கியது. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோசம் மறுநாளே கெட்டது. எல்லோரும் போனை அணைத்துவிட்டு நிற்கையில் பெட்டி கத்தியது. மதிலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் போனும் கையுமாக இருந்தார்கள். காலிதீன் திருகியைத் திருப்பிக் கூர்மையைக் குறைத்தான். பிறகு பின் வரிசையில் ஒரு போன் பாட்டே பாடியும் பெட்டி வாய் திறக்கவில்லை. மறுபடி கூட்டினான். இப்போது வயரில்லாத மைக்கைக் கண்டு கத்தியது. பெட்டியைக் கழற்றி, களஞ்சிய அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் மாற்றிப் பூட்டினான். ஊருக்கு வாய் ஊறிவிட்டது. "காலிதீன், உண்ட பெட்டி வுழூ இல்லாம, கைகால் கழுவாம தொங்குது போல" என்று கடைவாசலிலேயே வந்து கேட்டார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஹாஜியார் கெடு வைத்தார். "வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சரிவரல்லெண்டா கழட்டிக் கடல்ல எறி. அண்டைக்கு நீ முதல் ஸஃபு வரிசையில, எண்ட பக்கத்துல நிக்கணும். ஊர் பாக்கட்டும்."

காலிதீனின் ஒரே மகன் முஸ்தாக் ஒலுவிலிலிருந்து எஞ்சின் போட்டில் கடலுக்குப் போகிறவன். பாண்டிருப்புப் பையன் பவிதரன் அவனுக்குக் கூட்டு. வியாழக்கிழமை போகிற எங்கள் ஆட்கள் வெள்ளி காலையில் கரைக்கு வந்துவிடுவார்கள். ஜும்ஆ நேரம் கரையில் ஒரு குஞ்சு இருக்காது. திரும்பி வரும் போட்டுக்கு டவர் கிடைத்ததும் வீட்டுக்கு ஒரு மிஸ் கோல் கொடுப்பார்கள். ஒரு தரம் அடித்து நின்றால் சுகமாக வருகிறோம், சோற்றைப் போடு என்று அர்த்தம். நிற்காமல் அடித்தால் எடுக்க வேண்டும். கடலில் ஏதோ நடந்திருக்கிறது.

முஸ்தாக்கின் மிஸ் கோலுக்கென்றே வீட்டில் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. பெட்டியைச் சோதிக்கவும் அதுதான் தோதாக இருந்ததால், முஸ்தாக்கிடம் முன்பே சொல்லிவிட்டு, அந்த வெள்ளி காலையில் காலிதீன் அதைப் பள்ளிக்குக் கொண்டு வந்திருந்தான். பெட்டியும் ஒருவழியாகச் சொன்னபடி கேட்டது. அப்போதுதான் அவன் மனைவி நஸீறா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவனுடைய போனுக்கு எடுத்தாள்.

"என்னங்க, புள்ளட மிஸ் கோல் இன்னும் வரல்லியா? காத்தும் ஒருமாதிரி இரிக்கி. அந்தப் போன வீட்ட கொணந்து தாங்க."

"பாங்கு சொல்லப் போறாங்க புள்ள. இப்ப எப்பிடி வாற?"

"அப்ப ஒஃப் பண்ணிராதீங்க."

"ஓம், ஒஃப் பண்ண மாட்டன்."

ஆனால் உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாது. பெட்டி பூட்டினவனின் சட்டைப்பையே அடித்தால் ஊர் சும்மா விடுமா? தன் போனை அணைத்தான். பட்டன் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, தன் வேலைச் சாமான் பையில் போட்டு, களஞ்சிய அறையில் வைத்தான். கொங்கிரீட் சுவருக்கு அப்பால் இருப்பதைப் பெட்டி பிடிக்காது என்று கணக்குப் போட்டான். போன் திருத்துகிறவன் போடக்கூடாத கணக்கு. நான்கு சுவருக்குள் டவர் சரியாக எட்டாத போன், வெளியில் இருப்பதைவிடப் பலமாகக் கத்தும். வேறு யாரும் கேட்டிருந்தால் அதை அவனே சொல்லிக் கொடுத்திருப்பான்.

தொழுகையின் இரண்டு ரக்அத்தில் முதலாவது அமைதியாகப் போனது. இரண்டாவதில் இமாமாக நின்ற மௌலவி ஓதிக்கொண்டிருக்கும்போது பெட்டி கத்தியது.

காலிதீனுக்கு உடனே விளங்கியது. எல்லாப் பிழையும் திருத்தியாயிற்று, உயிரோடு இருப்பது அந்தப் பட்டன் போன் மட்டும்தான். மகன் வந்துவிட்டான் என்று முதலில் நெஞ்சு குளிர்ந்தது. இப்போது நிற்கும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. முழுதாக அடித்து ஓய்ந்து, உடனே மறுபடி தொடங்கியது. ருகூவில் குனிந்தபோது கத்தியது. ஸுஜூதில் கத்தியது. அவன் நெற்றி தரையில் இருந்தது. களஞ்சியக் கதவு எட்டிப் பிடிக்கிற தூரம். எழுந்து ஓடினால் போதும். ஆனால் பக்கத்தில் ஹாஜியார், பின்னால் அவனைக் கேலி பண்ணிய ஊர் முழுவதும். எழுந்தால், பூட்டினவனின் போன்தான் அது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம்தானே, ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டான்.

கடைசி இருப்பில், அத்தஹிய்யாத்தில் இருக்கையில் சத்தம் நின்றது. பிறகு வரவில்லை.

ஸலாம் கொடுத்ததும் ஹாஜியார் முகம் மலர்ந்து அவன் தோளைத் தட்டினார். "இப்பதான் மெசின் சரியா வேல செய்யுது தம்பி! ஆர்ர போன் அது? எழும்பட்டும் பாப்பம்!"

காலிதீன் எழும்பினான். களஞ்சியத்துக்கு ஓடிப் போனை எடுத்தான். திரை முழுக்க முஸ்தாக். திரும்ப எடுத்தான், போகவில்லை. மறுபடியும் எடுத்தான், போகவில்லை.

அதற்குப் பிறகு தொழுத ஊரே கரைக்கு ஓடியது. போட்டுகள் போயின. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கவிழ்ந்து கிடந்த போட்டைப் பிடித்தபடி மிதந்த பவிதரனை மட்டும் கொண்டு வந்தார்கள். அவன் காலிதீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பொலித்தீன் பைக்குள்ள வச்சே போன மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடந்தான் அங்கிள். பைக்கு மேலால கடைசியா அடிச்ச நம்பர மட்டுந்தான் அமத்த ஏலுமா இருந்திச்சு. 'வாப்பா தொழுகையில நிப்பாரு, ஆனா இந்த நம்பர் எண்டா எடுத்துருவாரு'ண்டு சொல்லிச் சொல்லி எடுத்தான். பிறகு ஒரு அலை வந்து..."

முஸ்தாக் கிடைக்கவில்லை. நேவிக்காரர்களும் தேடினார்கள், தம்பிலுவில் வரை கரையோரமாக நடந்தும் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் காலிதீன் மௌலவியிடம் வந்து உட்கார்ந்தான்.

"உசிருக்கு ஆபத்தெண்டா தொழுகைய முறிக்கலாமா மௌலவி?"

மௌலவி அவனைப் பார்க்காமல்தான் பதில் சொன்னார். "முறிக்கலாம். முறிக்கத்தான் வேணும்."

அது காலிதீனுக்குத் தெரியாததல்ல. அதே பள்ளியில் எத்தனையோ பயானில் கேட்டதுதான்.

ஹாஜியார் உடைந்துபோயிருந்தார். "கழட்டிரு தம்பி. எனக்கு அதப் பாக்க ஏலா" என்றார்.

"கிடக்கட்டும் ஹாஜியார். புள்ள எடுத்தா எனக்குக் கேக்கணும்."

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் பள்ளியில் தொங்குகிறது. நாங்கள் எல்லோரும் போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். காலிதீன் மட்டும் பட்டன் போனைச் சட்டைப்பையில் உயிரோடு வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்கிறான். இடைக்கிடை பெட்டி கத்தும். உடனே அவன் தொழுகையை முறித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்ப்பான். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். போன் டவரோடு கதைத்திருக்கும், அவ்வளவுதான். எங்களுக்கே அதைச் சொல்லித் தந்தவன் அவன். போனைப் பையில் போட்டுவிட்டு மறுபடி தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவான்.