தண்ணீர் ஏறாத துளை

அக்காவும் அத்தானும் மனை வாங்கிய விஷயம் சின்னவளுக்குக் கடைசியாகத்தான் தெரிய வந்தது. மண் ஆய்வு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் குழி தோண்டித் தோண்டியே நகக்கண் கறுத்துப்போனவள் அவள். குடும்பத்தில் அப்படி ஒருத்தி இருக்க, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரத்தை முடித்துவிட்டு, "சும்மா வந்து பார்த்துட்டுப் போ" என்று பெரியவள் கூப்பிட்டாள். பார்க்கச் சொன்னது மண்ணை அல்ல. அங்கிருந்து தெரியும் ஓடையை.

இடம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஓடை ஒரு காலத்தில் உயரத்தில் ஓடி, பிறகு தன் படுகையைத் தானே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அது விட்டுப்போன பழைய தளம் ஆளுயரத்துக்கு மேலே, ஒரு அகலப் படி மாதிரி நின்றது. மேடு பள்ளம் எதுவும் இல்லை. பின்னால் சரிவு, முன்னால் ஓடை. வெயில் மாதம், காலடியில் மண் பொடியாகப் பறந்தது.

"என்ன மண்ணாங்கட்டி, பேச்சையே காணோம்?" என்றார் அத்தான். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். கொழுந்தியாளுக்கு அந்தப் பட்டப்பெயரை அவர்தான் வைத்தார், கல்யாணமான வருஷமே.

சின்னவள் வண்டியிலிருந்து துளைக்கோலை எடுத்து வந்து தரையில் முறுக்கி இறக்கினாள். முதல் ஒரு சாணுக்குப் பழுப்பு மண். தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். மணல், வண்டல், களி மூன்றும் கலந்த நல்ல மண். உருட்டினால் உருண்டது, விரலால் நீட்டினால் ஓர் அங்குலத்தில் ஒடிந்தது. ஒன்றரை அடியில் நிறம் மாறியது. அடுப்புச் சாம்பல் மாதிரி வெளுத்து, நடுநடுவே இரும்புத் துரு போல ஆரஞ்சுப் புள்ளிகள். அதற்குக் கீழே கடுகு கடுகாகக் கறுப்பு உருண்டைகள். மூன்று இடத்தில் துளைத்தாள். மூன்றிலும் அதே கதை.

"அக்கா, இது தண்ணி குடிச்சுட்டுக் கக்கத் தெரியாத மண்ணு. மழை மாசத்துல தரைக்குக் கீழ ஒன்றரை அடி வரைக்கும் தண்ணி ஏறி நிக்கும். செப்டிக் டேங்க் வெச்சா வடியாது, கக்கூஸ் வழியா வீட்டுக்குள்ளயே திரும்பி வரும்."

"கண்ணு முன்னால காஞ்சு கெடக்கு. தண்ணி எங்க?"

"இப்ப இல்ல. வருஷா வருஷம் நின்னதோட அடையாளம் இது. காத்து போகாம கெடந்தாத்தான் மண்ணு இப்படி வெளுக்கும்."

பெரியவள் முகம் தொங்கிப்போனது. மருந்துக்கடை கல்லாவில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியவள். ஓடைச் சத்தம் கேட்கிற ஒரு வீடு வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. "நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா கல்லத் தூக்கிப் போடறா" என்றாள் யாரிடமோ சொல்வது போல.

மனையை விற்றவர் பூச்செடிக்காரர். பக்கத்திலேயே நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். சின்னவள் அவரிடம் போய்க் கேட்டாள். "எங்கப்பா காலத்துலேர்ந்து அதுல பயிர் வெச்சிருக்கோம். ஒரு மழைக்கும் தண்ணி நின்னதில்ல" என்று அடித்துச் சொன்னார். "வாய்க்கால், வடிகால் ஏதாவது வெட்டியிருந்தீங்களா?" என்றாள். "ஒரு கோடுகூடக் கீறினதில்லம்மா." அவளும் மனையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டாள். வாய்க்கால் இருந்த தடம் எங்கேயும் இல்லை.

வாக்குவாதம் வேண்டாம், மழை வரட்டும் என்று முடிவாயிற்று. சின்னவள் துளைபோட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நாலடி ஆழத்துக்குச் செருகி நிறுத்தினாள். மண்ணில் தண்ணீர் ஏறினால் குழாயிலும் ஏறும். வாரம் ஒரு முறை அத்தான் குச்சியை விட்டு நனைந்த அளவைச் சொல்ல வேண்டும்.

மழை வந்தது. முதல் வாரம் அத்தான் போன் செய்து, "குச்சி காஞ்சுதான் வந்துச்சு" என்றார். இரண்டாம் வாரமும் அதே. மூன்றாம் வாரம் விடாத அடைமழை. அப்போதும் "நுனி மட்டும் கொஞ்சம் ஈரம்" என்றார். அத்தான் பொய் சொல்கிறார் என்றுதான் சின்னவளுக்குப் பட்டது. அரைநாள் லீவு போட்டுவிட்டுக் குடையோடு போனாள். குச்சியை அவளே விட்டாள். நுனி மட்டும் கொஞ்சம் ஈரம்.

வேலியைத் தாண்டிப் பக்கத்து மனையில் துளைத்துப் பார்த்தாள். அதே பழுப்பு, அதே சாம்பல், அதே துருப்புள்ளி. அங்கே ஒரு சாணிலேயே தண்ணீர் கொப்பளித்தது. நடுவில் இருப்பது ஒரு முள்கம்பி வேலி. முள்கம்பி தண்ணீரை நிறுத்துமா? மழையில் நின்றபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவரிடம் சொன்னாள். எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிற மனிதர். "மண்ணுக்கு வேலின்னா மரியாதை போல" என்றார். அவள் சிரிக்கவில்லை. பழைய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினாள். சாம்பல் நிறம், துருப்புள்ளி, வடிகால் மோசம், கட்டடத்துக்கு ஏற்றதல்ல. எத்தனை பேருடைய நிலத்துக்கு இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதில் எத்தனை இடத்தில் குழாய் வறண்டிருந்திருக்கும்? யாரும் குழாய் செருகிப் பார்க்கவில்லையே.

மழை ஓய்ந்ததும் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"நான் சொன்னது தப்புன்னுதான் தோணுது அக்கா. நிறம் ஒண்ணு சொல்லுது, தண்ணி ஒண்ணு சொல்லுது. தண்ணியத்தானே நம்பணும்."

"அப்ப கட்டலாமா?"

"எனக்குப் புரியலங்கறேன்."

"கட்டலாமா, கூடாதா, அதச் சொல்லு."

சின்னவள் "கட்டலாம்" என்றாள்.

பெரியவள் அன்றைக்கே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினாள்.

அடுத்த வெயிலில் அஸ்திவாரம் தோண்டினார்கள். பொக்லைன் இரண்டு நாளில் நான்கடி ஆழத்துக்குச் சுற்றிலும் கிழித்துப் போட்டது. ஓட்டுநர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். கம்பி வர ஒரு மாதம் தாமதமாயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் பெரியவளிடமிருந்து போன். "வா" என்று ஒரே வார்த்தை.

போய்ப் பார்த்தால் அஸ்திவாரக் குழி குளமாக நின்றது. அத்தான் முழங்கால் சேற்றில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இறைக்க இறைக்கத் தண்ணீர் அதே மட்டத்துக்கு ஏறியது. சின்னவள் குழியைச் சுற்றி நடந்தாள். வாரிப் போட்டிருந்த மண்குவியலில் செங்கல் நிறத்தில் வளைந்த ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். இன்னொன்றைச் சேர்த்தாள். மூன்றாவது துண்டு பொருந்தியதும் கைப் பருமனில் ஒரு வட்டம் வந்தது. சுட்ட மண் குழாய்.

"இது எப்ப வந்துச்சு அத்தான்?"

"தோண்டும்போதே வந்துச்சு. வண்டிக்காரரு ஏதோ ஒடஞ்ச பானைன்னாரு."

துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு பூச்செடிக்காரரிடம் ஓடினாள். அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா ஆள் வெச்சு என்னமோ பொதச்சாரு. செடிக்குத் தண்ணி கொண்டு வர்ற குழாய்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்க வாய்க்கால் வெட்டினீங்களான்னுதானே கேட்டீங்க."

கொண்டு வருகிற குழாய் இல்லை, கொண்டு போகிற குழாய். சரிவிலிருந்து இறங்கும் தண்ணீரை மண்ணுக்கடியிலேயே வாங்கி ஓடையில் விட்டுக்கொண்டு, ஐம்பது வருஷமாக யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. சாம்பல் நிறம் அதற்கும் முந்தையது. தண்ணீர் போன பிறகும் நிறம் போகவில்லை. இப்போது குழாயை நாலு இடத்தில் அறுத்தாயிற்று.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னாள். பெரியவள் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

"மொதல்ல கூடாதுன்னே. அப்புறம் கட்டலாம்னே. இதுல எது தப்பு?"

"ரெண்டும் தப்பு இல்லக்கா."

"அப்ப தண்ணி ஏன் நிக்குது?"

சின்னவளிடம் மண்ணைப் பற்றிக் கேட்டால் பதில் இருந்தது. அக்கா கேட்டது மண்ணைப் பற்றி அல்ல, தங்கையின் வார்த்தையைப் பற்றி என்று பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக இறங்கினார்கள். அத்தான் பணிமனையிலிருந்து நீளமான இரும்புக்கம்பி கொண்டு வந்தார். அதைக் குத்திக் குத்தி, 'டொக்' என்று கேட்ட இடமெல்லாம் குச்சி நட்டுக்கொண்டே போனார்கள். ஓடைக்கரையில், வேர்களுக்குள் குழாயின் வாய் அகப்பட்டது. தோண்டியபோது இறங்கி அடைத்திருந்த சேற்றை எடுத்தார்கள். அறுபட்ட இடங்களைப் பிளாஸ்டிக் குழாய் கொடுத்து இணைத்தார்கள். பெரியவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேறு வாரினாள்.

நாலு நாளில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. அந்த நாலு நாளும் மழையும் இல்லை. குழாயால் இறங்கியதா, வெயிலால் இறங்கியதா?

"இப்பக் கட்டலாமா?" என்றார் அத்தான், கேலியில்லாமல்.

"தெரியல அத்தான். இன்னும் ஒரு மழை பார்க்கணும்."

"அப்ப பார்ப்போம்" என்றாள் பெரியவள்.

அலுவலகத்தில் அந்த ஓடைக்கரைத் திட்டு முழுவதற்கும் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'வடிகால்' என்ற கட்டத்துக்கு எதிரே சின்னவள் 'மோசம்' என்று எழுதினாள், அடித்தாள், மறுபடியும் அதையே எழுதினாள். கீழே சின்ன எழுத்தில், 'சில இடங்களில் மண்ணுக்கடியில் பழைய குழாய் இருக்கலாம், விசாரிக்கவும்' என்று சேர்த்தாள். வரைபடக்காரர் படித்துவிட்டு, யாரிடம் விசாரிப்பது என்று கேட்டார். அவளுக்கும் அது தெரியவில்லை.