இருதயமேரிக்குக் கோபர்கைரனேயில் ஒரு ஃப்ளாட்

ஜூன் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில், இருதயமேரியின் வீட்டுக் கதவு இல்லாமல் போயிருந்தது. திருட்டு இல்லை. கீல் இருந்த இடத்தில் ஆணித் துளைகூடக் கிடையாது; அங்கே எந்தக் காலத்திலும் கதவு இருந்ததில்லை என்பதுபோல் காரை பூசியிருந்தது. இருதயமேரி ஒரு பழைய சேலையை இரண்டாக மடித்து வாசலில் தொங்கவிட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கதவைப் பிறகு தேடிக்கொள்ளலாம், தண்ணீர் ஏழு மணிக்கு நின்றுவிடும்.

கதவு போன காரணம் தெரிந்த ஒரே ஆள் மரியசூசை. மாலாடில் ஒரு கால் சென்டரில் பதினோரு வருஷம் மார்க் என்ற பெயரில் அமெரிக்கர்களுக்கு வாஷிங் மெஷின் பழுதுக்கு ஆறுதல் சொன்னவர். அந்தக் கம்பெனி மூடியபின், அப்துல் ரவூப்பின் பை தைக்கும் பட்டறைக்கு மேலேயிருந்த அறையைப் பிடித்துக் குடியேறி, இரும்பு ஏணியின் அடியில் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று போர்டு மாட்டினார். தினம் எட்டு மணி நேரம் இங்கிலீஷில் பொய் சொன்ன அனுபவமே தன் டிகிரி என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். சிரிக்க வைப்பது ஒன்றுதான் அவருக்கு வந்த வித்தை. அதை வைத்தே நாற்பத்து நாலு வயதுவரை ஒப்பேற்றியிருந்தார். படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சந்தின் பெண்கள். முந்தின வாரப் பாடம், உண்மையில்லாத பேச்சுக்கு இங்கிலீஷில் உள்ள பெயர்கள். காசிப், ரூமர், ஹியர்சே, ஃபிப், ஒயிட் லை, டால் ஸ்டோரி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினார். ஃபிப் என்பது சின்னப் பிள்ளை சொல்வது, மிட்டாய் அளவு. ஒயிட் லை என்பது மாமியார் வைத்த குழம்பைப் பற்றி மருமகள் சொல்வது. டால் ஸ்டோரி என்றால் குழாயடிக் கமிட்டி செல்லப்பாண்டி வாயைத் திறப்பது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ரூமருக்கு ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. தாணேக்கு அப்பால், அடுக்குமாடிகளாய் நிற்கும் கோபர்கைரனே ஞாபகம் வந்தது. இருதயமேரிக்குக் கோபர்கைரனேயில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது என்று அழகான இங்கிலீஷில் எழுதி, தினம் இருபது தடவை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள் என்றார். ரெடிமேட் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிப் பிழைக்கும் இருதயமேரிக்கு, செத்துப்போன புருஷன் விட்டுப்போன பத்துக்குப் பன்னிரண்டு ரூமைத் தவிர உலகத்தில் எதுவும் கிடையாது. அதுதான் சிரிப்பு.

அந்தச் சந்து அறுபது வருஷமாகத் தமிழில் புளுகியிருக்கிறது. யார் யாரோடு ஓடிப்போனார்கள், எந்தக் குழம்பில் மருந்து வைத்தார்கள், யார் வீட்டுப் பரணில் பேய் குடியிருக்கிறது என்றெல்லாம் பேசி, ஒரு சுவரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. தமிழில் சொன்னால் யார் வாய் அது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த வாய்க்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதும் தெரியும். இங்கிலீஷ் அப்படி அங்கே வந்ததில்லை. கோர்ட் நோட்டீஸ், பேங்க் கடிதம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று காகிதமாகவே வந்தது. காகிதத்திடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. ஆகவே வகுப்பில் படிக்கும் சஃப்ரீனும் மற்றப் பெண்களும் குழாயடி வரிசையில் நின்று வீட்டுப்பாடம் சொல்லிப் பழகியபோது, வரிசை அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டது. போதாததற்கு அது சர்வே நேரம். குடிசைகளை இடித்துக் கட்டடம் எழுப்பப்போகிறவர்களின் ஆட்கள் சந்து சந்தாக வந்து வீட்டுக்கு வீடு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே சொந்த வீடு இருப்பவர்களுக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாதவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் வீடு இல்லை. புதன்கிழமை மத்தியானம் அந்த வாக்கியம் மார்க்கெட்வரை போய்த் திரும்பி வந்தபோது, ஃப்ளாட் மூன்றாவது மாடியில் இருந்தது.

“மேரியக்கா வீட்டுல லிஃப்ட் இருக்காம்லா வாத்தியாரே,” என்றார் செல்லப்பாண்டி. “நம்மகிட்ட மூச்சு விடலியே.”

“அது பாடம் வே. நான் சும்மா எழுதுனது.”

“சும்மாவா? இங்கிலீஷ்ல சும்மா எழுதுவாவளா யாராச்சும்?”

வியாழக்கிழமை, கோபர்கைரனேயில் குடியிருக்கும் சஃப்ரீனின் அக்கா ஒரு ஃபோட்டோ அனுப்பினாள். மரியசூசை சயானில் ரயிலேறி, தாணேயில் மாறிப் போய்ப் பார்த்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மூன்றாவது மாடி உயரத்தில், எதன்மேலும் சாயாமல் இருதயமேரியின் கதவு நின்றது. அதே பச்சைப் பெயின்ட், கீழ்மூலையில் எலி கடித்த ஓட்டை, திருஇருதய ஸ்டிக்கர். அதன்மேல் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. கதவு செவ்வாய்க்கிழமை விடியும்போதே வந்துவிட்டதாகவும், ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டதாகவும், மிச்சச் சாமான் எப்போது வரும் என்றும் வாட்ச்மேன் இந்தியில் கேட்டான்.

மரியசூசை திரும்பி வந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். மேரியக்காவுக்குக் கோபர்கைரனேயில் ஃப்ளாட் இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். அதுவரை கேள்விப்படாதவர்களும் அப்போது கேள்விப்பட்டார்கள். சாயங்காலம் ஜன்னல் போனது. இங்கிலீஷில் எழுதி ஒட்டினால் நம்புவார்கள் என்று தோன்றி, குழாயடியில் மறுப்பு நோட்டீஸ் ஒட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் பின்சுவரும், அதிலிருந்த ஷெல்ஃபும், ஷெல்ஃபிலிருந்த சம்பார மசாலாத் தூள் டப்பாக்களும் இல்லை. வேலை செய்கிறவன் கவனமாக, ஒரு டப்பாவைக் கூடக் கீழே போடாமல் எடுத்துப் போயிருந்தான் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

மரியசூசை போனபோது இருதயமேரி மூன்று சுவருக்குள் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கத்துச் சாக்கடைக்கு அப்பாலிருந்து ஓர் ஆடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரியசூசை எல்லாவற்றையும் சொன்னார்.

“என்னையக் கேலி பண்ணியா எழுதுன, சூசை?”

“ஆமாக்கா.”

“ஊர்ல இத்தன பேரு இருக்க, ஏன் எம்பேரு?”

“ஒங்களுக்குன்னா… நடக்க வாய்ப்பே இல்லன்னு நெனச்சேன்.”

இருதயமேரி சட்டையைத் திருப்பி, கைமடிப்பிலிருந்த நூலை நறுக்கினார். “வாய்ப்பே இல்லன்னுதான் நானும் இருந்தேன். அதக் கேட்டு முப்பது பேரு சிரிச்சிருக்காளுவ, என்ன?” அடுத்த சட்டையை எடுத்து மடியில் விரித்தார். “திங்கக்கெழம சர்வேக்காரன் வாரான். நம்பர் ஒட்டுறதுக்கு ஒரு செவுராச்சும் மிச்சம் வையி.”

மரியசூசையின் வாயில் அன்றைக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. எட்டு வயதிலிருந்து அப்படி நடந்ததில்லை. இரவெல்லாம் யோசித்ததில் அவருக்கு ஒன்று விளங்கியது: அந்த வாக்கியம் சாகாது, ஆனால் பெயரை மாற்றினால் வண்டி பாதை மாறுகிற மாதிரி மாறக்கூடும். சனிக்கிழமை காலை குழாயடியில் சஃப்ரீனைத் தனியாகக் கூப்பிட்டார், வரிசைக்குக் கேட்கும் தூரத்தில். கோபர்கைரனே ஃப்ளாட் இருதயமேரியுடையது அல்ல, மரியசூசையுடையது என்று நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே என்பதையும் இங்கிலீஷிலேயே சேர்த்தார்.

சஃப்ரீனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “வேணாம் சார். பட்டறைக்கு மேலயிருக்க ரூம்தான சார் ஒங்களுக்கும் இருக்கு? வேற யாரு பேராச்சும் சொல்வோம். சும்மா, இல்லாத ஒரு பேரு.”

“சும்மா ஒரு பேருன்னுதாம்மா முன்னயும் எழுதுனேன். எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம். உச்சரிப்பு முக்கியம்.”

அவள் அழுதுகொண்டே சொன்னாள். உச்சரிப்பு நன்றாயிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கோயில் வாசலில் நின்றபோது, வாத்தியாரின் ஃப்ளாட்டுக்கு ஏசி வந்துவிட்டிருந்தது. அன்று சாயங்காலம் இருதயமேரியின் பின்சுவர் டப்பாக்களோடு திரும்பியது, பிறகு ஜன்னல், கடைசியில் கதவு, கொஞ்சம் புறா எச்சத்துடன். திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சர்வே ஆட்கள் வந்து அதில் நம்பர் ஒட்டினார்கள். அப்துல் ரவூப்பின் பட்டறைக்கு வந்தபோது, இரும்பு ஏணி ஒன்பதாவது படியோடு நின்று மேலே மழைமேகம் தெரிந்தது. மேல்மாடி இல்லை என்று டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அப்துல் ரவூப் ஒரு தார்ப்பாய் வாங்கி மெஷின்களை மூடினார்.

மரியசூசையும் கரும்பலகையும் இருபத்தாறு பிளாஸ்டிக் ஸ்டூல்களும் இப்போது கோபர்கைரனேயில் இருக்கிறார்கள். அறை மூன்றாவது மாடி உயரத்தில் நிற்கிறது. ஏணிப் பக்கத்துச் சுவர் மட்டும் வந்து சேரவில்லை. இறங்க வழி இல்லை. லிஃப்ட் பற்றிய பேச்சு ஹியர்சே, அதாவது காதுவழிச் செய்தி வகையைச் சேர்ந்தது என்று அவரே மேலிருந்து வகுப்புக்கு விளக்கினார். வகுப்பு சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து, கீழே பார்க்கிங்கில் நின்று பாடம் கேட்கிறது. உதாரண வாக்கியங்களில் இப்போது ஆட்களின் பெயர் வருவதில்லை, ஆடு மாடு மட்டும்தான். குடியிருப்புச் சொசைட்டி கமிட்டி கூடி, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், வரவேற்புப் பலகையில் அவர் பெயரை எழுதிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருதயமேரி நெத்திலிக் குழம்போடு வருகிறார். மரியசூசை கயிற்றில் வாளியை இறக்குவார். முதல் மாதம் வாளி மேலே போனதும் அவர் திரும்பிப் போய்விடுவார். ஆகஸ்டில் ஒருநாள் காற்று பலமாக அடித்தது, மேலே அறை லேசாக ஆடுவது கீழிருந்தே தெரிந்தது. இருதயமேரி வாளியில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“சூசை, செவுரோரமாப் படுய்யா. ஒனக்கு உருண்டு படுக்குற பழக்கம்லா.”

“சரிக்கா,” என்று சொல்லிவிட்டு, அவர் பாயை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.