ஆக்சிஜன் சீட்டின் பின்பக்கம்

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் கோந்துதான். முகத்துக்கு நேரே கோந்து சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கோந்து. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவச் சேவை அது. நடுவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சுற்றிலும் பதினொரு சின்ன ஆஸ்பத்திரிகள். அத்தனையிலிருந்தும் வரும், சரக்கு இறங்கியதற்கான சீட்டுகளைக் கோப்பில் ஒட்டுவது கடைசி மேசைக்காரர்களின் வேலை. தலைமைக் கணக்கர் நாற்காலிக்கு வந்த பிறகும் ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் சீட்டை மட்டும் இவர் எவர் கையிலும் கொடுக்கமாட்டார். புட்டியையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிடுவார்.

ஒட்டுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். சீட்டில் கோந்து தடவினால் காகிதம் சுருங்குமாம். அதனால் கோப்பின் தாளில் தடவி, சீட்டை அதன்மேல் முன்பக்கம் தெரியக் கிடத்தி, நான்கு விரலால் நீவிவிடுவார். நீவும்போது கீழ் வலது மூலையில் அந்த விரல் கொஞ்சம் நிற்கும். அங்கே ஒரு கையெழுத்து இருக்கும். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் போட்டது. அவர் மனைவி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் உத்தரவு வந்தபோது அவள் அதைக் கொண்டுவந்து இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என்னங்க சொல்றீங்க?" என்றாள். மனுஷனுக்கு வாயில் இருந்தது 'போகாதே' என்ற ஒரே சொல். வெளியே வந்தது, "உன் இஷ்டம்." அட, வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா? அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் காலையில் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். முதலில் அவள் பேசட்டும் என்று இவர் இருந்தார். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது இவருக்குத் தெரியாது. விவாகரத்து, வக்கீல் என்று ஒன்றும் கிடையாது. போன் கிடையாது, கடிதம் கிடையாது. மாதம் ஒரு முறை ஆக்சிஜன் லாரி திரும்பி வரும்போது டிரைவர் கொண்டுவந்து போடும் சீட்டில் அந்தக் கையெழுத்து மட்டும் வரும். அதைப் பார்த்துவிட்டால் இவருக்கு அந்த மாதம் ஓடிவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பற்றாக்குறை வந்து கழுத்தைப் பிடித்தது. வரவு நூறு என்றால் செலவு நூற்றொன்பது. மேலிடத்திலிருந்து, "ஒன்பதைக் குறையுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் வந்து குறைப்போம்" என்று ஓலை வந்தது. இயக்குநர் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி உட்காரவைத்தார்.

"எந்த ஆஸ்பத்திரி ரொம்பக் கையைக் கடிக்குது? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

கணக்கில் அது பளிச்சென்று இருந்தது. எட்டே படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரி மாதம் முப்பத்தாறு ஆக்சிஜன் சிலிண்டரை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இருந்த இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆக்சிஜன் செலவு சுத்தமாகப் பூஜ்யம். அதில் ஒன்றுக்குச் சிக்கனத்துக்கான பாராட்டுப் பத்திரம் கொடுத்து, கண்ணாடி போட்டு மாட்டியும் ஆயிற்று. முப்பத்தாறை விழுங்கியது அவள் இருந்த ஆஸ்பத்திரி.

"மூடிட்டா நர்ஸுங்க எல்லாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"யாருக்கும் வேலை போகாது. எல்லாரும் இங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுவாங்க" என்றார் இயக்குநர்.

கோந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே வருவாள். இதே கட்டடம், இதே லிஃப்ட், இதே கேன்டீன். முதலில் பேசுவது யார் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், சர்க்கார் செலவில் மனைவி திரும்பி வருகிறாள்! வாயைத் திறக்காத மனிதர் அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார். எட்டுப் படுக்கைக்கு ஒரு கட்டடம் தேவையா, இரண்டு மணி நேரப் பிரயாணம் ஒரு பிரயாணமா என்று கேட்டார். மூச்சுத் திணறலோடு அந்த இரண்டு மணி நேரத்தை யார் கடப்பார் என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அமுக்கிக்கொண்டார். "திங்கட்கிழமை கோப்பைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் இயக்குநர்.

சனிக்கிழமை மத்தியானம். அலுவலகத்தில் யாருமில்லை. கோப்பு மேலிடத்துக்குப் போனால் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். அவளே வரப்போகும்போது கையெழுத்து எதற்கு? ஆனாலும் மனசு கேட்கவில்லை. எழுபத்திரண்டு மாதம் சோறு போட்ட மாதிரி தாங்கிய கையெழுத்து. ஒன்றே ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வோம் என்று முதல் சீட்டைத் தேர்ந்தெடுத்தார். துணியை நனைத்து, பிழிந்து, சீட்டின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார். கோந்து இளகியது. மூலையை நகத்தால் நெம்பி மெல்ல உரித்தார்.

பின்பக்கம் முழுக்கக் கம்பெனியின் நிபந்தனைகள் எறும்பு எழுத்தில் அச்சாகி இருந்தன. அதற்குக் கீழே ஒரு கட்டம். 'திருத்தம் இருப்பின் இங்கே எழுதவும்.' கட்டத்துக்குள் நீலப் பால்பாயின்ட் பேனாவில் அவள் எழுத்து.

'36 இறங்கியது. எங்களுக்கு 9 மட்டும். 12ம் 15ம் அடுத்த இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு. லாரி பாலம் தாண்டாது என்பதால் இங்கே இறக்கி எங்கள் வேனில் அனுப்புகிறோம். தயவுசெய்து பிரித்து எழுதவும்.'

அதற்குக் கீழே, கட்டத்தை விட்டு வெளியே, இன்னும் சின்ன எழுத்தில் ஒரு வரி.

'வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்டயே இருக்கு. அனுப்பிடவா, வச்சுக்கவா?'

கோந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு வெறி பிடித்தவர்போல் துணியை நனைத்து நனைத்து ஒவ்வொரு சீட்டாக உரிக்க ஆரம்பித்தார். எழுபத்திரண்டிலும் அதே திருத்தம் இருந்தது. விதி என்றால் விதி அவளுக்கு. திருத்தத்தைப் பின்பக்கம் எழுதச் சொன்னால் பின்பக்கம்தான் எழுதுவாள். மொத்தம் முப்பத்தாறுக்குப் பணம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததால் கம்பெனிக்காரனும் கேட்கவில்லை, தணிக்கைக்காரனும் கேட்கவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் முன்பக்கத்தில் கையெழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

திருத்தத்துக்குக் கீழே மாதம் ஒரு வரி.

'காலர் கிழிஞ்ச சட்டையோட ஆபீஸ் வர்றீங்களாமே. லாரிக்கார அண்ணன் சொல்லிச் சிரிக்கிறார். தைக்கக் குடுங்க.'

'பிரஷர் மாத்திரையை நிறுத்திடாதீங்க.'

'இங்க நல்ல மழை. நம்ம மாடி ஜன்னலைச் சாத்தினீங்களா?'

'சாவி பத்திக் கேட்டேனே.'

ஜன்னலை அவர் சாத்தவில்லை. அந்த வருஷம் தண்ணீர் புகுந்து மெத்தை வீணாகிப் போனது. மழை நாளெல்லாம் அவளை நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் அவள் அவருடைய கோப்பிலேயே, கோந்துக்கு அடியில் இருந்திருக்கிறாள். முப்பத்தொன்றாம் சீட்டில் எழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருந்தது.

'சரி. இனிமே கணக்கு மட்டும் எழுதறேன்.'

சொன்னபடி அதற்கப்புறம் கணக்கு மட்டும்தான். நாற்பத்தொரு மாதம், ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. கோந்து அழுதார். ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை ஈரத் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு, கோந்து வாசனையோடு வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். ஆஸ்பத்திரியை மூடும் உத்தரவு போனால் அவள் என்ன நினைப்பாள்? எல்லாவற்றையும் படித்துவிட்டு, தெரிந்தே செய்தான் என்றுதானே? சரி, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால்? சீட்டுகளைத் திரும்ப ஒட்டிவிடலாம். புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் வந்துவிடுவாள். ஒரு மாதத்தில் இதே கட்டடத்தில் நடமாடுவாள். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி பிழைக்கும், அவள் அங்கேயே இருப்பாள், இவர் இங்கே கிடப்பார். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், பிரஷை எடுத்துத் தாளில் தடவியும்விட்டார். முதல் சீட்டைத் தாளில் வைக்கப் போனார். 'வச்சுக்கவா?' என்ற கேள்வியைக் கோந்தில் கிடத்தக் கை வரவில்லை.

திங்கட்கிழமை சீட்டுகளை எல்லாம் குப்புறக் கவிழ்த்து இயக்குநர் மேசையில் பரப்பினார். கீழே இருந்த அந்த வரிகளை மட்டும் காகிதப் பட்டை வைத்து மறைத்திருந்தார்.

"யோவ், வெள்ளிக்கிழமை மூடு மூடுன்னு குதிச்சது நீதானேய்யா?"

"நான்தான் சார். தப்பு என்னோடது. ஆறு வருஷமா திருப்பிப் பார்க்கலை."

"ஆறு வருஷம்! கணக்கர்னு சொல்லிக்க வெக்கமா இல்லை?" இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேலிடத்துக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? ஒன்பதைக் குறைக்கணும்யா. அதுக்கு வழி சொல்லு."

"பதினஞ்சு வாங்கற ஆஸ்பத்திரில ஆறே படுக்கைதான் சார். நம்ம கணக்குல பூஜ்யம்னு வந்ததால யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. குழாய்ல எங்கயோ கசியுது."

இயக்குநர் சுவரைப் பார்த்தார். பாராட்டுப் பத்திரம் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். ஆள் அனுப்பிப் பார்த்ததில் இரண்டு இடத்தில் குழாய் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. மேலிடம் கேட்ட ஒன்பதில் ஒன்றுகூட அதில் தேறவில்லை. மீதிக்கு இன்னும் எத்தனை கோப்பைப் புரட்ட வேண்டுமோ. ஆனால் எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரியின் பெயரை மூடும் பட்டியலிலிருந்து இயக்குநரே அடித்தார். கோந்துவுக்கு விளக்கம் கேட்டு மெமோ, ஒரு வருஷ ஊதிய உயர்வு ரத்து. கூடவே ஓர் உத்தரவு: "அடுத்த லாரில நீயே போ. மூணு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனிச் சீட்டு போட ஏற்பாடு பண்ணிட்டு வா."

லாரிக்காரர் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "நானும் பார்க்கறேன் சார், அந்தம்மா சீட்டைக் குடுக்கும்போதெல்லாம் பத்திரமா குடுங்க அண்ணேம்பாங்க. இப்ப மூணு வருஷமா அதுவும் சொல்றதில்லை." கோந்து புதுச் சட்டை போட்டிருந்தார். காலரை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் அந்த ஆஸ்பத்திரி. லாரி பின்வாங்கி நின்றதும் சிலிண்டர்கள் மரப்பலகையில் கடகடவென்று உருண்டு இறங்கின. அவள் தூணோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து. இவரைப் பார்த்ததும் எண்ணிக்கை நின்றது.

"மூடறதுக்குப் பூட்டு எடுத்துக்கிட்டு நீங்களே வந்துட்டீங்களா?"

"இல்லை. மூடலை. இது மூடறதா இல்லை."

"பேர் பட்டியல்ல இருந்துச்சாமே. நீங்கதான் எழுதினீங்களாம்."

"நான்தான் எழுதினேன். நீ அங்க வந்துடுவேன்னு எழுதினேன்." சொல்லிவிட்டு அவருக்கே வியப்பாக இருந்தது. "இப்ப பட்டியல்ல இல்லை."

அவள் பன்னிரண்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கி, இடையில் தவறி, மீண்டும் முதலிலிருந்து எண்ணினாள். முடிந்ததும் சீட்டுக்காகக் கை நீட்டினாள். அவர் கொடுத்தார். பேனாவைத் திறந்தவள், பழக்கத்தில் முதலில் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

கட்டத்துக்குக் கீழே அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். எழுத வேண்டியது எவ்வளவோ இருந்தது. லாரி ஆட்டத்தில் வந்தது இவ்வளவுதான்.

'வச்சுக்கோ. பூட்டை மாத்தவே இல்லை. ஒண்ணையுமே படிக்காம ஒட்டிட்டேன். போன வாரம்தான் உரிச்சேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணுகூடவா படிக்கலை?"

"ஒண்ணுகூட."

"அப்போ அந்த மாத்திரை?"

"அதையும் நடுவுல நிறுத்திட்டேன்."

"கடவுளே, உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். குரல் கோபத்தில் தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது. உள்ளே ஒரு நோயாளி இருமும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், போக வேண்டும். தனித்தனிச் சீட்டு விவரத்தை நின்றபடியே கேட்டுக்கொண்டாள். "இனிமே ஒன்பதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள். பிறகு சீட்டைத் தூணில் வைத்து, பின்பக்கத்தில் என்னவோ எழுதி, நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் தானே செருகினாள்.

"ஒட்டறதுக்கு முன்னாடி படிங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். சாவிக்கொத்து குலுங்கியது. மருந்து அலமாரிச் சாவிகளுக்கு நடுவில் ஒரு பழைய பித்தளைச் சாவி. அது எந்த வீட்டுச் சாவி என்று அவருக்குத் தெரியும்.

லாரி வளைவைத் தாண்டும்வரை அவர் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. பிரித்தார். கட்டத்துக்குள் கணக்கு எதுவும் இல்லை.

'ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அங்க வந்தா கதவைத் தட்ட மாட்டேன்.'