பற்பசை தேய்த்த சிடி

1

ஒரு தப்பை மறைப்பதற்காக எழுத உட்கார்ந்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் கோபித்துக்கொள்வீர்கள்.

என் மனைவி டாக்ஸி ஓட்டுகிறாள். பதினான்கு வருடமாக அவள் வண்டி ஓட்டுகிறாள், நான் கதை விடுகிறேன். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவளால்தான். போன மாதம் பழைய வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டுப் புதியது வாங்கினாள். புதியதில் சிடி போட இடமே இல்லை, பென் டிரைவ் செருக ஒரு துளை மட்டும். அவளிடம் எண்பத்தேழு சிடிகள்.

"எல்லாத்தையும் பைலா மாத்தி நான் குடுத்துடறேன்" என்று வீரமாகச் சொன்னேன். நானாக முன்வந்து அவளுக்குச் செய்த முதல் உருப்படியான வேலை.*

(* இந்த வரியைப் படித்துவிட்டு, "முதல் இல்ல, ரெண்டாவது. ஒரு தடவ குழாய் ரிப்பேர் பண்ணீங்க" என்றாள். தாராள மனசு.)

2

ஐம்பத்திரண்டு சிடிகள் கணினியில் ஏறிவிட்டன. சிலவற்றில் பாட்டின் பெயருக்குப் பதில் வெறும் எண்கள் வந்தன, பெயர்களை உட்கார்ந்து தட்டினேன். ஒரு தாலாட்டுத் தொகுப்புக்குக் கணினி இணையத்தில் தேடி 'உடற்பயிற்சி இசை' என்று பெயர் வைத்தது. அதையும் மாற்றினேன்.

ஐம்பத்து மூன்றாவது, நான்காம் பாட்டில் நின்றது. அதன் மேல் பேனாவால் 'வியாழன்' என்று எழுதியிருந்தது.

[இங்கே ஒரு அம்மாளின் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. நான் அவரைப் பார்த்ததே கிடையாது. அடித்துவிட்டேன்.]

வியாழக்கிழமைதோறும் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரி போய்வந்தவர் அவர். ஒன்றரை வருடம் என் மனைவிதான் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். மகனோடு வேறு ஊருக்குக் கிளம்பியபோது, தானே பாடிப் பதிந்த சிடியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் கிடைக்காது. வேறு பிரதியும் கிடையாது.

3

வாசிக்கும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். நகரவில்லை. சிடியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைக்க வேண்டுமாம். நான் வட்டவட்டமாகத் தேய்த்தேன், அதுவும் பற்பசை போட்டு. தலைவலி போய்த் திருகுவலி வந்தது. "டிரைவில் சிடி இல்லை" என்றது கணினி.

அப்போதுதான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

சிடிகளுக்கும் ஆயுள் உண்டு. ஒருநாள் அது தானாகவே

அவள் கொடுக்கும்போதே அதில் ஒரு பெரிய கீறல்

இந்த இரண்டு தொடக்கத்திலும் கதாநாயகன் யோக்கியன். எனக்கே அவனை நம்ப முடியவில்லை. நான்கு மணிக்கு அவள் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"வியாழன் சிடியக் கெடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த சாவியை வைக்காமல் நின்றாள். "எப்படி?"

"பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன்."

"பல்லு தேய்க்கிற பேஸ்ட்டா?"

"ஆமா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். ஐந்து மணிக்குப் பழைய வண்டியை எடுத்துப்போக ஆள் வருவதாக இருந்தது.

4

பழைய வண்டி சிடியை விழுங்கியது. முனகியது. அரை நிமிடம் கழித்து ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது.

"கம்ப்யூட்டருக்கு நாக்கு நீளம். இது போட்டதத் தின்னும்" என்றாள்.

தின்னும், ஆனால் பைலாக மாற்றித் தராது. எனவே போனில் பதிவதென்று முடிவாயிற்று. கண்ணாடிகளை ஏற்றினாள். ஏசி கிடையாது, இன்ஜின் கிடையாது. போனை ஸ்பீக்கரில் சாய்த்துவைத்து, மறுபடி முதல் பாட்டிலிருந்து போட்டாள். "மூச்சு மட்டும் விட்டுக்கோங்க."

வியர்த்துக் கொட்டியது. நான்காம் பாட்டு இரண்டு இடத்தில் தாவியது, ஆனாலும் கடந்துவிட்டது. அவள் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. பாடுகிறவர் ஓரிடத்தில் வரியை மறந்து சமாளித்தபோது அவள் வாய்க்குள் சிரித்தாள். என் எழுத்துக்காக அவள் ஓட்டிய இத்தனை வருடத்தில், அந்த முன்சீட்டில் சும்மா அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

ஐந்தாம் பாட்டில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வண்டியை வாங்கியவர். எலெக்ட்ரீஷியன், இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். அவள் உதட்டில் விரல் வைத்து, பின்சீட்டைக் காட்டினாள். அவர் மெதுவாகக் கதவைத் திறந்து, கருவிப்பையை மடியில் வைத்து, தான் வாங்கிய வண்டியில் சவாரிக்கு வந்தவர்போல உட்கார்ந்தார். ஒரு தும்மலை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது.

"அக்கா, யாரு பாடினது?"

"என் சவாரி."

"தெரியாமத் தட்டிட்டேன். கெட்டுப்போச்சா?"

"தட்டினா என்ன? இருந்து கேட்டீங்கல்ல, அது போதும்" என்று சாவியை அவரிடம் நீட்டினாள். சிடியை என்னிடம் கொடுத்தாள். "இதுக்குப் பல்லு இல்ல. ஞாபகம் வச்சுக்கோங்க."

5

அந்த அம்மாள் ஒருநாள் போன் செய்து

[செய்யவில்லை. ஆசைதான்.]

நடந்தது இவ்வளவே. பதிவிலிருந்து இரண்டு பைல் செய்தேன். ஒன்றில் தட்டலையும் தும்மலையும் வெட்டிச் சுத்தம் செய்தேன், மற்றதைத் தொடவில்லை. இரண்டையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வண்டியில் எதைப் போடுகிறாள் என்று நான் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆகவே கதையின் முடிவு என்னிடம் கிடையாது.

நீங்கள் என்றாவது அவள் டாக்ஸியில் ஏறினால் ஐந்தாம் பாட்டு வரை பொறுத்திருங்கள். கண்ணாடியை யாராவது தட்டினால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்கள்.